கழுத்தில் சொடக்கு எடுத்தால் வலி போகுமா?

கேள்வி: வயது 41. பெருங்குடியில் ஐ.டி. வேலை. மூன்று மாதமாகக் கழுத்து வலி. இடது கை கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகிறது. எக்ஸ்ரே பார்த்து ‘தேய்மானம்’ என்றார்கள். கழுத்தைக் கையால் திருப்பிச் சொடக்கு எடுக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் போனால் ஒரே திருப்பில் சரியாகும் என்கிறார் நண்பர். போகலாமா?

பதில்: கை மரத்துப்போகிறது என்கிறீர்களே, அதனாலேயே வேண்டாம். கட்டைவிரல் பக்கம் என்றால் பெரும்பாலும் ஆறாவது கழுத்து நரம்பு அழுந்துகிறது. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா? அப்படியானால் தண்டுவடமே நெருக்கப்பட்டிருக்கலாம்; அந்தக் கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் கைகால் விழுந்துவிடவும் கூடும். முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்; தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுப்பார். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. தேய்மானமோ நாற்பதைத் தாண்டிய பலருக்கும் இருக்கும்.

நரம்பில் கோளாறே இல்லாதவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. மூளையின் பின்பகுதிக்குப் போகும் தமனி, கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறி, முதல் எலும்பின் மேல் வளைந்து மண்டைக்குள் நுழைகிறது. தலை திரும்புவதில் பாதி முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான். தமனி இழுபடுவதும் அங்கேதான். உள்சுவர் கிழிந்தால் ரத்தம் உறையும், கட்டி மேலே போய் அடைத்தால் பக்கவாதம். அரிதுதான். திருப்புவதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்று 2014இல் அமெரிக்க இதய சங்கமும் சொன்னது. ஏற்கெனவே கிழிந்த தமனியே கழுத்து வலியாகத் தொடங்கும், அந்த வலியோடுதான் சிலர் போகிறார்கள். ஆனால் கிழிந்த தமனியைத் திருப்புவது இன்னும் மோசம். ஆகவே, இதுவரை வராத மாதிரி ஒரு பக்கக் கழுத்திலோ பின்மண்டையிலோ திடீர் வலி வந்தால் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

‘சடக்’ சத்தம் மூட்டுத் திரவத்தில் உருவாகும் வாயுக்குமிழியுடையது. எலும்பு இடத்துக்கு வந்த சத்தமல்ல. சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தை முறுக்குகிறார்களே, அதையும் மறுத்துவிடுங்கள். சாதாரணக் கழுத்து வலிக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் வீட்டுப் பயிற்சியே ஏறக்குறைய அதே பலன் தரும்.

ஏற்கெனவே திருப்பிக்கொண்டவர்களுக்கு: அன்றைக்கோ சில நாள் கழித்தோ தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் ஒரு பக்க மரப்பு, இமை தொங்குதல் வந்தால் ‘பித்தம்’ என்று இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கழுத்தைத் திருப்பிய விஷயத்தையும் அறிகுறி தொடங்கிய நேரத்தையும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சாதாரண சிடி ஸ்கேனில் பின்மூளை அடைப்பு தப்பிவிடும், கழுத்து ரத்தக்குழாய்களுக்கு ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டியிருக்கும்.