தொலைதூரச் சுடுதலுக்கு எந்த எலிவேஷன் குமிழ்?

கேள்வி: இதுவரை 300 மீட்டருக்குள் காகித இலக்கில்தான் சுட்டிருக்கிறேன். இனி 800, 1000 மீட்டர் போட்டிகளில் கலந்துகொள்ள ஆசை. என்னுடையது .308 ரைபிள், 175 கிரெயின் எடையுள்ள தோட்டா. ஸ்கோப்பில் (குறி பார்க்கும் தொலைநோக்கி) குறியை மேலும் கீழும் நகர்த்தும் எலிவேஷன் குமிழ் மூடி போட்ட சின்னது, ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) நகரும். அதையே கழற்றி உயரமான குமிழ் மாட்டினால் போதுமா? புதிதாக வாங்குவதென்றால் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சுற்றுக்கு 5 மில் (ஒரு மில் என்பது 1000 மீட்டரில் ஒரு மீட்டர் நகர்த்தும் கோணம்), ஜீரோ ஸ்டாப் (குமிழ் ஜீரோவுக்கு இறங்கியதும் முட்டி நிற்க வைக்கும் தடை) கிடையாது. மற்றது சுற்றுக்கு 10 மில், ஜீரோ ஸ்டாப் உண்டு, விலை கூடுதல். இரண்டிலும் கிளிக் 0.1 மில்தான். எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டாவதை எடுங்கள். கூடுதல் விலையைக் கொடுத்தே எடுங்கள்.

உங்கள் தோட்டாவுக்கு 100 மீட்டரில் ஜீரோ வைத்தால் (அதாவது அந்தத் தூரத்தில் குறி பார்த்த இடத்திலேயே தோட்டா படும்படி அமைத்தால்), 800 மீட்டருக்கு ஏறத்தாழ 9 மில், 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில் ஏற்ற வேண்டியிருக்கும். சுற்றுக்கு 5 மில் குமிழில் 800 மீட்டர் இரண்டாம் சுற்றிலும் 1000 மீட்டர் மூன்றாம் சுற்றிலும் போய் நிற்கும். குமிழின் முகப்பிலோ எல்லாச் சுற்றுக்கும் ஒரே எண்கள்தான். '3' என்று தெரிகிறது. அது 3 மில்லா, 8 மில்லா, 13 மில்லா என்பதை அடியில் உள்ள மெல்லிய கோடுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெயிலில், நேரம் ஓடும்போது, படுத்த நிலையில் அந்தக் கோட்டை யார் எண்ணுகிறார்கள்?

எனக்கே இது நடந்திருக்கிறது. தூரமான இலக்கை முடித்துவிட்டு 600 மீட்டருக்குத் திரும்பியபோது ஒரு முழுச் சுற்றை இறக்க மறந்தேன். எண் சரியாக இருந்தது, சுற்றுதான் தவறு. 600 மீட்டரில் 5 மில் என்றால் 3 மீட்டர். தோட்டா இலக்குக்கு மேலே போய் மண்மேட்டின் உச்சியில் புழுதி கிளப்பியது. மேடு இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் தோட்டா எங்கே போயிருக்கும் என்று நினைத்து அன்றைக்கு மேற்கொண்டு சுடாமல் எழுந்துவிட்டேன். அதனால் ஜீரோ ஸ்டாப்பை நான் வசதியாகப் பார்ப்பதில்லை, பாதுகாப்பாகப் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் குமிழை முட்டும் வரை இறக்கிவிட்டு, அங்கிருந்து எண்ணி ஏற்றலாம். கண்ணே தேவையில்லை. ஜீரோவுக்குக் கீழே நாலைந்து கிளிக் இறங்க இடம் விடும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. வேறு தோட்டா போடும்போது ஜீரோ சற்றுக் கீழே நகரலாம்.

10 மில் குமிழில் ஒரு விஷயத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றுக்கு 100 கிளிக். குமிழின் விட்டம் 35 மி.மீ. என்றால் ஒரு கிளிக்குக்கு 1.1 மி.மீ.தான் கிடைக்கும். 5 மில் குமிழில் அதே விட்டத்துக்கு 2.2 மி.மீ. நெருக்கமான கிளிக் மழுங்கலாக இருந்தால், 9.1-இல் நிறுத்த நினைத்து 9.2-க்குத் தாவிவிடுவீர்கள். கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஏழு கிளிக் திருப்பிவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். 0.7-இல் நிற்க வேண்டும். கையுறை போட்டுச் சுடுபவரானால் அதோடே சோதியுங்கள். கிளிக் சத்தம் பெரிதாகக் கேட்பதை மட்டும் வைத்து மயங்க வேண்டாம்.

சரி, பழைய ஸ்கோப்பில் உயரமான குமிழ் மாட்டினால்? கிளிக்கின் அளவும் மொத்த ஓட்டமும் (குறியை மொத்தம் எவ்வளவு நகர்த்த முடியும் என்பது) ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் திருகில் இருக்கின்றன. வெளிக்குமிழை மாற்றுவதால் இரண்டும் மாறாது. பிடிக்க வசதியாகும், அவ்வளவுதான். மீட்டர் கணக்கைப் பொறித்துத் தரும் குமிழ்களும் உண்டு. அவை ஒரே தோட்டாவுக்கு, ஒரே வேகத்துக்கு, ஒரே காற்றடர்த்திக்குத்தான் சரி. 300 மீட்டரில் அந்த வித்தியாசம் தெரியாது, 1000 மீட்டரில் தெரியும். மில் எண் மட்டும் உள்ள குமிழே உங்களுக்கு நல்லது.

மில்லா எம்.ஓ.ஏ.வா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. 1000 மீட்டரில் 0.1 மில் கிளிக் 10 செ.மீ., கால் எம்.ஓ.ஏ. 7.3 செ.மீ. ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) குமிழும் ஒரே அளவில் இருப்பதுதான் முக்கியம். ரெட்டிகிள் மில்லிலும் குமிழ் எம்.ஓ.ஏ.விலும் இருந்தால், ஒவ்வொரு திருத்தத்தையும் 3.44-ஆல் பெருக்க வேண்டும்.

வாங்குமுன் மொத்த எலிவேஷன் ஓட்டத்தையும் கேளுங்கள். 20 மில் என்று சொன்னால், ஜீரோ நடுவில் விழும்போது மேலே ஏற 10 மில்தான் மிச்சம். உங்களுக்கு 13 வேண்டும். ஸ்கோப்பைப் பொருத்த 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ரெயில் போட்டால் இன்னும் 5.8 மில் கிடைக்கும்.

வாங்கியதும் குமிழ் சொல்வது உண்மைதானா என்று அளந்துவிடுங்கள். டேப்பால் அளந்து சரியாக 100 மீட்டரில் ஒரு பலகை. மைதானத்துக் குறியை நம்ப வேண்டாம், 3 மீட்டர் பிசகினால் அளவும் 3 சதவீதம் பிசகும். பலகையில் தூக்குநூல் கட்டி, ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். ரெட்டிகிளின் செங்குத்துக் கோடு நூலோடு ஒட்டி நிற்கும்படி துப்பாக்கியை அசையாமல் பிடித்து வைத்துவிட்டு, 10 மில் திருப்புங்கள். ரெட்டிகிள் ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குச் சரியாகப் போக வேண்டும். 98 செ.மீ.தான் போனது என்றால் 2 சதவீதக் குறை. 13 மில்லில் அது 0.26 மில், அதாவது 1000 மீட்டரில் 26 செ.மீ. கீழே விழும். அந்த விகிதத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். ஒரே ஒரு முறை ஜீரோவுக்குத் திரும்பாமல் போனாலும் அதற்குக் கணக்கில் வழியே இல்லை. ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.