அந்த எக்ஸல் ஷீட்டை மூடு

அன்புள்ள அக்கா,

வேலைக்கு சேந்து மூணு வருஷம் ஆச்சு. சம்பளத்துல பாதிய மாசாமாசம் வீட்டுக்கு அனுப்பறேன், அப்பாவும் கூலிக்குப் போறார், ஆனாலும் கடன் தீர்ற மாதிரி தெரியல. போன மாசம் ஒரு எக்ஸல் ஷீட் அனுப்பி ஒவ்வொரு செலவையும் எழுதச் சொன்னேன், அதுலேர்ந்து அம்மா சரியாவே பேசல. ஏழைங்களுக்கு அரசாங்கம் காசு குடுக்கறதவிட காசை நிர்வாகம் பண்ண கத்துக்குடுக்கறதுதானே சரி? கையில குடுத்தா குடிச்சுத்தானே அழிப்பாங்க? மக்கள்தொகையும் ஒரு காரணம்தானே? (அம்மாவுக்கு முழங்கால் வலி வேற, டாக்டர்கிட்ட போன்னா கேக்க மாட்டேங்கறாங்க.)

– எஸ்.

தம்பி,

உரிமையா நீன்னே எழுதறேன். உன் கடிதம் வந்த வாரம்தான் பரண்லேர்ந்து எங்கம்மாவோட பழைய நோட்டு ஒண்ணு கெடச்சுது. இல்லேன்னா ரெண்டு வரில முடிச்சிருப்பேன்.

மொதல்ல திட்டிடறேன். இல்லாத காசுல உன்னைப் படிக்க வச்சவங்ககிட்ட ஆடிட்டர் மாதிரி கணக்கு கேட்டிருக்க. சுருக்குன்னு பட்டிருக்கும். பேசாம மட்டும் இருக்காங்கன்னா அது அவங்க பெருந்தன்மை.

மக்கள்தொகை கேள்விய விட்டுடறேன், பேச ஒண்ணுமில்ல. குடி? குடியால அழிஞ்ச வீட்ட நானும் பாத்திருக்கேன், ஆனா அத வச்சு எல்லாரையும் பேசாத. 2014-ல உலக வங்கி ஆய்வாளர்கள் ரெண்டு பேர் பல நாட்டு ஆய்வுகள் 19-ஐ எடுத்து வச்சுப் பாத்தாங்க, காசா குடுத்ததால குடியும் புகையிலையும் கூடினதா தேறல.

நிர்வாகம் தெரியலைங்கறதுக்கு வர்றேன். 1899-ல இங்கிலாந்துல யார்க் நகரத்துல ரௌண்ட்ரீன்னு ஒருத்தர், சாக்லேட் கம்பெனி குடும்பத்துப் பையன், வீடு வீடா ஆள் அனுப்பி கணக்கெடுத்தார். எவ்ளோ சிக்கனமா இருந்தாலும் உடம்ப காப்பாத்திக்கவே வருமானம் பத்தாதவங்கள தனியா பிரிச்சுப் பாத்தா, பாதிக்கு மேல காரணம் ஒண்ணுதான்: சம்பாதிக்கற ஆள் ஒழுங்கா வேலைக்குப் போறான், கூலிதான் பத்தல. 1901-ல இது புக்காவே வந்துது. நாம இன்னும் பட்ஜெட் போட கத்துக்குடுக்கலாமான்னு பேசிட்டிருக்கோம்.

எங்கம்மா நோட்டுன்னேனே, அது என் நாலாங்கிளாஸ் கணக்கு நோட்டுதான், மிச்சமிருந்த பின்பக்கங்கள். பென்சில்லதான் எழுதுவாங்க, அழிச்சு அழிச்சு பேப்பர் மெலிஞ்சு மறுபக்க எழுத்து தெரியும். யார்கிட்ட வாங்கினது, யாருக்கு கைமாத்தா குடுத்தது, எல்லாம் இருக்கு. ஆமா, கடன்ல இருந்தவங்க அடுத்தவங்களுக்கு குடுத்தும் இருக்காங்க, நாளைக்கு நமக்கு வேணும்னா அங்கதான போய் நிக்கணும். இந்தியா, பங்களாதேஷ், தென்னாப்பிரிக்கால 250-க்கு மேல ஏழை வீடுகளோட வரவு செலவ ஒரு வருஷம் பக்கத்துல இருந்து பதிஞ்ச ஆய்வு ஒண்ணு உண்டு, அதுலயும் இதே கதைதான், ஒரே வீடு ஒரே சமயத்துல சேமிக்குது, கடன் வாங்குது, கடன் குடுக்குது. காசு கம்மிங்கறது ஒரு கஷ்டம், அது எப்ப வரும்னே தெரியாதது இன்னொரு கஷ்டம்.

நோட்டுல ஒரு பக்கம் வரைக்கும் எல்லாம் சமாளிச்சுதான் போகுது. அப்புறம் அப்பாவோட ஆபரேஷன். அதுக்கு அடுத்த வரி: "மிஷின் குடுத்தாச்சு". அம்மாவோட தையல் மிஷின். அன்னிக்கு ஸ்கூல் விட்டு வந்தப்ப அது இருந்த எடத்துல தரைல நாலு துருக்கறை. அம்மா அங்கேயே உக்காந்து கைத்தையல் போட்டுட்டு இருந்தாங்க, மிஷின்ல ஒரு மணி நேரத்துல முடியற வேலை ராத்திரி பூரா. அப்பா பொழச்சுட்டார், வருமானம் எந்திரிக்கவே இல்ல. அதுவரைக்கும் கஷ்டப்படற வீடு, அந்த ஒரு வாரத்துல ஏழை வீடாச்சு, எக்ஸல் ஷீட் இருந்திருந்தா அழகா பதிஞ்சிருக்கும், அவ்ளோதான்.

அதனால என்னைக் கேட்டா மொத வேலை, ஆஸ்பத்திரி செலவு வீட்டுத் தலைல விழாம பாத்துக்கறது. தாய்லாந்து 2002-ல எல்லாருக்குமான மருத்துவத் திட்டத்த நாடு முழுக்க கொண்டுவந்துது, ஒரு தடவ போனா 30 பாட் (அந்த ஊர்க் காசு)தான், பணக்கார நாடாகட்டும்னு காத்திருக்கல. வைத்தியச் செலவால வறுமைல விழற குடும்பங்க அங்க கொறஞ்சுது. ஏழைங்களுக்கு தொழில் பண்ண சின்னக் கடன் குடுத்தா போதும்னாங்க, பங்களாதேஷ்ல அப்படிக் குடுத்த யூனுசுக்கும் அவர் ஆரம்பிச்ச கிராமீன் வங்கிக்கும் 2006-ல நோபல் பரிசே வந்துது. 2015-ல அந்த மாதிரிக் கடன ஆறு நாட்ல சோதிச்ச முடிவு வந்தப்ப வருமானத்துல பெருசா மாத்தம் காணோம். பங்களாதேஷ்ல பிராக்ங்கற தொண்டு நிறுவனம் 2002-ல ஆரம்பிச்சது வேற மாதிரி: பரம ஏழை வீட்டுக்கு கடனா இல்லாம சும்மாவே ஒரு மாடோ ஆடோ, கொஞ்ச நாளைக்கு கைச்செலவுக் காசு, அடிக்கடி வந்து பாத்துக்க ஒரு ஆள். நீ கேக்கற பயிற்சியும் உண்டு, மாட்டோட சேத்து. எத்தியோப்பியா, கானா, பெரு, இந்தியான்னு ஆறு நாட்ல சோதிச்சாங்க, திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் பெரும்பாலும் பலன் நின்னுது (ஹோண்டுராஸ்ல சரியா அமையல, குடுத்த கோழிங்க நெறைய செத்துப்போச்சு). வித்த மிஷினத் திருப்பிக் குடுக்கற மாதிரின்னு வச்சுக்கயேன்.

அப்புறம் அந்த முழங்கால். அத அடைப்புக்குறிக்குள்ள போட்டு எழுத உனக்கு எப்படிடா மனசு வந்துது? நீ அனுப்பற காசு எந்தெந்தக் கடனுக்குன்னு அம்மா மனசுல பிரிச்சு வச்சாச்சு, அதுல முழங்காலுக்கு எடமில்ல, அதான் போக மாட்டேங்கறாங்க. அவங்களால நடக்க முடியாமப் போனா என்ன ஆகும்னு அந்த ஷீட்ல எந்தக் கட்டத்துல எழுதுவ? ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போ, நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு. பில்லை உன் பாக்கெட்ல வச்சுக்க, எவ்ளோன்னு கேட்டா கொறச்சு சொல்லு.