ஜெர்மனியில் கார் ஓட்ட: முன்னுரிமை யாருக்கு?

கேள்வி: வேலைக்காக ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதமாகிறது. ஊரில் பல வருடம் கார் ஓட்டிய பழக்கம் உண்டு. இங்கே சக ஊழியரின் காரில் போகும்போது ஒன்று புரியவில்லை. ஆளே இல்லாத சின்னத் தெருவில் சந்துக்குச் சந்து பிரேக்கில் கால் வைக்கிறார். பெரிய சந்திப்பில் வேகத்தைக் குறைக்காமல் போகிறார். நான் இங்கே ஓட்டலாமா? எதையெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் நண்பர் இரண்டு இடத்திலும் முறைப்படிதான் ஓட்டியிருக்கிறார். சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத் தெருவிலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. 'ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்', அதாவது 'இடதுக்கு முன் வலது' என்பார்கள். 30 கி.மீ. வேக மண்டலங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அந்தத் தெரு எவ்வளவு குறுகலாக இருந்தாலும், நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி அதிலிருந்து ஒருவர் நேராக வந்துவிடுவார். ஆனால் வீட்டு வாசலிலிருந்தோ, தாழ்வான நடைபாதை விளிம்பைத் தாண்டியோ சாலைக்கு வருபவர்தான் காத்திருக்க வேண்டும். பெரிய சந்திப்புக்கு முன்னால் வெள்ளை விளிம்பு வைத்த மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்திருக்கும். அது இருந்தால் நீங்கள் போவது முன்னுரிமைச் சாலை. குறுக்கே வருபவர்கள் நிற்பார்கள். அதே பலகையில் கறுப்புக் கோடுகள் குறுக்கே போனால் முன்னுரிமை முடிந்தது.

நம் ஊரில் சந்திப்பு என்றால் ஹார்ன் அடித்து, எதிராளியின் கண்ணைப் பார்த்து, வண்டியின் மூக்கை நுழைத்து ஒரு பேரம் நடக்கும். அதுவும் ஒரு திறமைதான், இங்கே செல்லாது, அவ்வளவுதான். இங்கே ஆளைப் பார்ப்பதற்கு முன் பலகையைப் பாருங்கள். உங்கள் முறை வந்தும் மரியாதைக்காக நின்றால் பின்னால் இருப்பவர் குழம்பிப்போவார். ஊருக்குள் ஹார்ன் ஆபத்தை எச்சரிக்க மட்டுமே. ஹெட்லைட்டை ஒருமுறை அடித்தால் நம் ஊரில் 'நான் வருகிறேன், நில்' என்று எடுத்துக்கொள்வோம். இங்கே நகரத்தில் பெரும்பாலும் 'நீங்கள் போங்கள்' என்று அர்த்தம். ஆனால் அதை மட்டும் நம்பிப் பாயாதீர்கள், சட்டப்படி அது முன்னுரிமை ஆகாது.

ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் வேக வரம்பு இல்லாத பகுதிகளுக்கும் 130 கி.மீ. என்ற பரிந்துரை 1978 முதல் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குத் தொல்லை தருவது வேகத்தைவிட இடது தடம்தான். முந்துவதற்கு மட்டும் அதில் போய், முடிந்ததும் வலப்பக்கம் வந்துவிடுங்கள். கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் சில நொடிகளில் உங்கள் பின்னால் நிற்கும். அதனால் தடம் மாறும்போது கண்ணாடி போதாது, தோளைத் திருப்பியும் பாருங்கள். வலப்பக்கமாக முந்துவது கூடாது.

நெரிசலில் வண்டிகள் ஊர ஆரம்பித்ததுமே, சைரன் கேட்கும் முன்பே, ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். இடது கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், மற்ற எல்லாத் தடத்தினரும் வலப்பக்கம். விடாவிட்டால் குறைந்தது 200 யூரோ அபராதம், உங்கள் பெயரில் 2 தண்டனைப் புள்ளி, ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. 8 புள்ளி சேர்ந்தால் உரிமமே போய்விடும். அப்புறம், ஒரு தடம் முடியும் இடத்தில் கடைசிவரை வந்து நுழைபவரைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர வேண்டும் என்பதுதான் முறை.

சரி, நீங்கள் ஓட்டலாமா? குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் வரை இந்திய உரிமத்தில், ஜெர்மன் மொழிபெயர்ப்போடு ஓட்டலாம். அதற்குப் பிறகு ஜெர்மன் உரிமம் வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், ஓட்டுத் தேர்வு ஜெர்மனில்தான். செல்லுபடியாகும் உரிமம் கையில் இருப்பதால் கட்டாய வகுப்புகள் கிடையாது. ஆனாலும் தேர்வுக்குப் பள்ளியின் காரும் பயிற்சியாளரும் தேவை, அதனால் ஓட்டுநர் பள்ளியை விட்டால் வழியில்லை. உங்களுக்கு மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது. இந்த வாரமே ஒரு பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு, சில வகுப்புகளாவது எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத் தெருவைக் கவனிக்காததும் தோளைத் திருப்பிப் பார்க்காததும் அனுபவசாலிகளையே தேர்வில் கவிழ்க்கும்.