கிறிஸ்தவச் சிறுவர் பத்திரிகைக் கதையில் நீதியை எங்கே வைப்பது?
சிறுவர் கதை என்பது ஒரு பிள்ளை சிக்கலில் மாட்டி, ஏதோ ஒரு முடிவெடுத்து, அதன் விளைவைச் சந்திப்பது. கிறிஸ்தவப் பத்திரிகை என்றால் அந்த முடிவில் விசுவாசத்துக்கும் பங்கு உண்டு, அவ்வளவுதான். கடைசியில் 'ஆகவே பிள்ளைகளே' என்று நீதி சொல்ல ஆரம்பித்தால் கதை படுத்துவிடும். தானே கண்டுபிடித்ததைத்தான் குழந்தை தன்னுடையதாக வைத்துக்கொள்ளும். ஜோக் சொல்லிவிட்டு அதற்கு விளக்கமும் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

இயேசுவின் உவமைகளைப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனை இருவர் கண்டும் விலகிப்போக, மூன்றாமவன் உதவும் நல்ல சமாரியன் கதையை முடித்ததும், 'எனக்குப் பிறன் (அயலான்) யார்?' என்று கேட்ட நியாயசாஸ்திரியிடமே (யூதச் சட்ட அறிஞர்) 'மூவரில் யார் பிறன்?' என்று திருப்பிக் கேட்கிறார் (லூக்கா 10:36). லூக்கா 15-ல் வீட்டைவிட்டுப் போன இளைய மகன் திரும்பி வருகிறான், அப்பா விருந்து வைக்கிறார். கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்தவன் விருந்துக்குள் போனானா? கடைசிவரை தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

கட்டுரை என்றால் ஒரே கருத்து, சின்ன வாக்கியங்கள் போதும். அப்புறம், 'கிருபை' (தகுதி பாராமல் கிடைக்கும் அன்பு) போன்ற கனமான சொல்லைச் சம்பவமாக்குங்கள்: அண்ணனின் பொம்மையை உடைத்தவளுக்குத் திட்டுக்குப் பதில் அணைப்பு கிடைத்தால் அவளுக்கே புரியும்.

பைபிள் வசனம் நிறைய இருந்தால்தான் கிறிஸ்தவக் கதை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பைபிளிலேயே உள்ள எஸ்தர் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை.