கைவேலைக் கேள்வி பதில்: குழந்தைக்குக் குரோஷா ஸ்வெட்டர்

கார்த்திகை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் குழந்தை ஸ்வெட்டரைப் பற்றியவையே மிகுதி. இந்த இதழில் அவற்றிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மகள் வயிற்றுப் பேத்திக்கு மார்கழியில் ஒரு வயது நிறைகிறது. குரோஷாவில் ஸ்வெட்டர் பின்னிப் போட ஆசை. "இந்த ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டரா?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். உல்லன் நூல் வாங்குவதா, பருத்தி நூல் வாங்குவதா? – வாசகி, தேவகோட்டை

சிரிப்பவர்களை மார்கழி விடியற்காலையில் எழுப்பி, வளவின் ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் ஆச்சி. ஆனாலும் அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நம் ஊரில் குழந்தைக்கு ஸ்வெட்டர் வேண்டியிருப்பது விடியலில் இரண்டு மூன்று மணி நேரமே. வெயில் முற்றத்தில் இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். ஆகவே எளிதில் கழற்றக்கூடியதாகவும், வியர்வையை உறிஞ்சுவதாகவும் உள்ள ஆடையே இங்கே பொருந்தும். அதற்குப் பருத்தி நூல்தான் சரி.

உல்லன் நூல் என்று நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக்; பெயரில்தான் கம்பளி இருக்கிறது. இலேசானது, மலிவானது, பல முறை துவைத்தாலும் தாங்குவது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையார் நோன்பும் மார்கழியில்தான் வருகிறது. அந்த நோன்பில் மாவில் வைத்து ஏற்றிய நூல் இழையை, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டே, எரிய எரிய வாயில் எடுத்துக்கொள்பவர்கள் நம் வீடுகளில் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பருத்தி நூலுக்கும் ஒரு குறை உண்டு. அதற்குக் கம்பளியைப் போல இழுத்தால் திரும்பிவரும் தன்மை இல்லை, கனமும் அதிகம். அணிய அணிய நீளவாட்டில் தொங்கும். அதனால் உடல் பகுதியின் நீளத்தை இரண்டு சென்டிமீட்டர் குறைத்தே முடியுங்கள். எட்டுப் பிளை எனப்படும் நடுத்தரக் கனமுள்ள நூலும் 4 மில்லிமீட்டர் குரோஷா ஊசியும் போதும். ஒரு வயதுக் குழந்தைக்கு முழுக்கை வைத்துப் பின்ன ஏறத்தாழ 200 கிராம் நூல் பிடிக்கும். கண்டுகளின் சுற்றுத்தாளில் உள்ள லாட் எண், அதாவது சாயமேற்றிய தொகுதியின் எண், ஒன்றாக இருக்கும்படி பார்த்து, முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். வேறு லாட்டில் அதே வெள்ளைகூட வேறு வெள்ளையாக இருக்கும்.

பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து வரிசை பிசகாமல் பின்னினேன். 'டபுள் குரோஷே' என்று போட்டிருந்ததை அப்படியே செய்தேன். ஸ்வெட்டர் மார்புக்குச் சரியாக இருக்கிறது, நீளம் மட்டும் குழந்தையின் கணுக்காலைத் தொடுகிறது. எங்கே தவறினேன்? – வாசகி, கானாடுகாத்தான்

தவறு உங்கள் கையில் இல்லை, பெயரில் இருக்கிறது. குரோஷாவில் ஆங்கிலேயர் வழக்கு ஒன்று, அமெரிக்கர் வழக்கு ஒன்று என இரண்டு உண்டு. ஆங்கிலேயர் 'டபுள் குரோஷே' என்று சொல்லும் குட்டைக் கண்ணியைத்தான் அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்கர் 'டபுள் குரோஷே' என்பதோ ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணி. ஆங்கிலேயருக்கு அது 'டிரெபிள்'. உயரக் கண்ணி குட்டைக் கண்ணியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எழும்பும். உங்களிடம் இருப்பது ஆங்கிலேயர் வழக்கிலான புத்தகமாகவும், நீங்கள் பின்னக் கற்றது அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்தாகவும் இருக்க வேண்டும். புத்தகம் சொன்ன வரிசைகளை எண்ணிப் போட்டீர்கள். ஒவ்வொரு வரிசையும் இரட்டிப்பாக வளர்ந்துவிட்டது.

இனி எந்தக் குறிப்பைக் கையில் எடுத்தாலும், முதலில் அதில் 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் எங்கேனும் வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அது அமெரிக்க வழக்கு. இறுக்கத்தைக் குறிக்க 'டென்ஷன்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஆங்கிலேயர் வழக்கு. 'கேஜ்' என்றிருந்தால் அமெரிக்க வழக்கு.

இந்தப் பிழை பின்னத் தொடங்கிய அரை மணி நேரத்திலேயே பிடிபட்டிருக்கும், மாதிரித் துண்டு ஒன்று பின்னியிருந்தால். அதைப் பின்னச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். நானும் சுளித்தவள்தான். தங்கை மகனுக்கென்று மாதிரி பார்க்காமல் நான் முதன்முதலில் பின்னிய ஸ்வெட்டருக்குள் அவன் ஒரு கையைக்கூட நுழைக்க முடியவில்லை. கடைசியில் அதைப் பிரித்த நூல், வீட்டில் இருந்த ஓலைக் கொட்டானுக்கு உறையாயிற்று. பதினைந்து சென்டிமீட்டர்ச் சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். பருத்தி நூல் என்றால் அதைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். ஓரங்களை விட்டுவிட்டு, நடுவில் பத்து சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். குறிப்பில் 16 கண்ணி என்றிருக்க, உங்கள் கை இறுக்கத்தில் 18 வந்தால், இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். ஆனால் 80 கண்ணி கொண்ட மார்புச் சுற்று 50 சென்டிமீட்டர் வருவதற்குப் பதிலாக 44 சென்டிமீட்டர்தான் வரும். ஒரு வயதுக் குழந்தையின் மார்புச் சுற்றே ஏறத்தாழ 46 சென்டிமீட்டர். கண்ணி கூடினால் அரை எண் பெரிய ஊசிக்கும், குறைந்தால் சிறிய ஊசிக்கும் மாறிக்கொள்ளுங்கள்.

பின்னியதை வெட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். கழுத்திலிருந்து கீழாகப் பின்னியிருந்தால், உடல் பகுதியைக் கீழிருந்து வேண்டிய உயரம் வரை பிரித்து, அங்கே ஒரு வரிசை குட்டைக் கண்ணி போட்டு முடித்துவிடலாம்.

வங்கிப் பணியில் ஓய்வுபெற்று, மனைவியிடம் குரோஷா பழகியிருக்கிறேன். லண்டனில் உள்ள மகன்வழிப் பேரனுக்கு இப்போது ஒன்பது மாதம். தை மாதம் இங்கிருந்து ஆள் போகிறது. கழுத்திலிருந்து கீழே ஒரே துண்டாகப் பின்னும் முறையை, எண்ணிக்கையோடு சொல்ல முடியுமா? – வாசகர், கண்டனூர்

பேரேடு எழுதிய கைக்கு இது மிகவும் பொருந்தும் வேலை ஐயா. நீங்கள் கேட்பது ராக்லான் முறை. குழந்தை வளர்ந்தால் கையையும் உடலையும் கீழே நீட்டிக்கொள்ளலாம் என்பதால், தொலைவில் உள்ள குழந்தைக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். ஸ்வெட்டர் போய்ச் சேரும்போது பேரனுக்கு ஒரு வயது நெருங்கிவிடும். ஒன்றரை வயது வரை வரும்படி பின்னுங்கள்.

பத்து சென்டிமீட்டருக்கு 16 கண்ணி என்ற இறுக்கத்தில், அமெரிக்க வழக்கின் டபுள் குரோஷேயில் கணக்கு இது. 50 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் முதல் கண்ணியைத் தொடங்கினால், விட்ட மூன்று சங்கிலியும் ஒரு கண்ணியாகச் சேர்ந்து, வரிசைக்கு 48 கண்ணி கிடைக்கும். அதை முன்பக்கம் 8, கை 8, முதுகு 16, கை 8, முன்பக்கம் 8 என்று பிரித்து, நான்கு சந்திப்புகளிலும் வண்ண நூலால் அடையாளம் கட்டுங்கள். ஒவ்வொரு சந்திப்பின் இருபுறமும் ஒரு கண்ணி கூட்டினால் வரிசைக்கு எட்டுக் கண்ணி ஏறும். பத்து வரிசையில் 80 ஏறி, 128 ஆகும். இப்போது முன்பக்கங்கள் 18, 18; முதுகு 36; கைகள் 28, 28. கூட்டிப் பாருங்கள், இடிக்காது.

அடுத்த வரிசையில் கைகளின் கண்ணிகளைப் பின்னாமல் தாண்டி, ஒவ்வோர் அக்குளிலும் ஆறு சங்கிலி போட்டு முன்னையும் முதுகையும் இணைத்தால், உடலுக்கு 84 கண்ணி, அதாவது 52.5 சென்டிமீட்டர். உள்ளே ஒரு சட்டை போடவும் இடம் இருக்கும். வேண்டிய நீளம் பின்னிய பிறகு, விட்ட 28 கண்ணியையும் அக்குளின் ஆறு சங்கிலியையும் சேர்த்துச் சுற்றிப் பின்னினால் கை உருவாகும். மணிக்கட்டை நோக்கி, இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை இரண்டு கண்ணியைக் குறைத்துக்கொண்டே போங்கள்.

லண்டன் குளிருக்குப் பருத்தி போதாது. கம்பளி கலந்த நூலாக இருக்கட்டும். இயந்திரத்தில் வெந்நீரில் துவைத்தால் ஆட்டுக் கம்பளி சுருங்கித் தடித்துவிடும் என்று மருமகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதக் குழந்தைக்குச் சிப்பி டிசைனில், கழுத்தில் கயிறும் குஞ்சமும் முத்துப் பொத்தானும் வைத்துப் பின்னலாமா? – வாசகி, பள்ளத்தூர்

வேண்டாம். கழுத்தில் கயிறு கூடவே கூடாது. எதிலேனும் மாட்டி இறுக்கும். ஆறு மாதக் குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும், முத்தும் குஞ்சமும் அதில் அடங்கும். சிப்பி டிசைனின் ஓட்டைகளில் பிஞ்சு விரல் சிக்கும். நெருக்கமான கண்ணியே நல்லது. உள்பக்கத்தில் தொங்கும் நூல் நுனியை இருபுறமும் திருப்பித் திருப்பிக் கோத்து மறைக்க வேண்டும். அப்படி ஒரு நூல் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். குழந்தை ஏன் அழுகிறது என்று பார்ப்பவருக்கும் புரியாது. ஒரு தோளில் ஆறு சென்டிமீட்டர் திறப்பு விட்டு, தட்டையான இரண்டு பொத்தான்களைத் தையல் நூலால் பல சுற்றுத் தைத்து, பலமாக இழுத்துப் பார்த்துவிடுங்கள். அந்தத் திறப்பு எப்படியும் தேவை. இந்த வயதில் குழந்தையின் தலைச்சுற்றும் மார்புச்சுற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். தூங்கப் போடும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள்.

பின்னி முடித்த பருத்தி ஸ்வெட்டரை எப்படித் துவைப்பது? – வாசகி, புதுவயல்

முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரிலோ மென்மையான சோப்பு நீரிலோ அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். கொடியில் போட்டால் தோள் இழுபட்டுத் தொங்கும். அகலமான சுளகு ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் உலர்ந்த துண்டை விரித்து, கைகளை நேராக வைத்து நிழலில் காயவிடுங்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள்.