பி.எஸ்.ஏ. கூடினால் புற்றுநோய்தானா? புராஸ்டேட் பற்றிக் கேள்வி பதில்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். அதில் வரும் புற்றுநோய் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிறுநீரியல் மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். ரிப்போர்ட்டையும் ஆளையும் நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவு.

கேள்வி: வயது 62. இரவில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். சிறுநீர் மெல்லிசாகத்தான் வருகிறது. புற்றுநோயாக இருக்குமோ, டாக்டர்?

பெரும்பாலும் இருக்காது. வயதாக ஆக புராஸ்டேட் வீங்குவது சகஜம். அந்த வீக்கம் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதியில் வருவதால் குழாயை நெருக்குகிறது. புற்றுநோய் அதிகமாக ஆரம்பிப்பது மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில். அதனால் தொடக்கத்தில் அது எந்தத் தொந்தரவும் கொடுப்பதில்லை. 'எனக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறது, எதற்கு டெஸ்ட்?' என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். சிறுநீரில் ரத்தம் வந்தால் மட்டும், ஒரே தடவை வந்து நின்றுபோனாலும், உடனே காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பி.எஸ்.ஏ. 7.2. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

முதலில் தூங்குங்கள். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். நல்ல செல்லும் அதைச் சுரக்கும், கெட்ட செல்லும் சுரக்கும். சாதாரண வீக்கம், கிருமித் தொற்று, சிறுநீர் அடைத்து டியூப் போட்டது, முந்தின இரண்டு நாளில் விந்து வெளியேறியது என எத்தனையோ காரணத்தால் அது ஏறும். 4-லிருந்து 10-க்குள் இருப்பவர்களுக்கு பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தால், ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரியும்.

தொற்று இருந்தால் அதைச் சரிசெய்து, ஆறு வாரமாவது கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதில் பை-ராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுப்பார்கள். 4, 5 என்றால் பயாப்சி தேவைப்படும். 1, 2 என்றால் பலருக்கு ஊசியே வேண்டியிருக்காது.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். வீக்கத்துக்காக அப்பா ஃபினாஸ்டெரைடு அல்லது டூட்டாஸ்டெரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தால், பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். அவருடைய 3 உண்மையில் 6. மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டுபவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பது அவசியமா? கூச்சமாக இருக்கிறது.

அரை நிமிட வேலை. கட்டைவிரலை மடக்கி முஷ்டி பிடித்து, அதன் அடியிலுள்ள சதையைத் தொட்டுப் பாருங்கள். நல்ல புராஸ்டேட் விரலுக்கு அப்படித்தான் படும். விரல் முட்டி போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் சந்தேகம். பி.எஸ்.ஏ. குறைவாக இருந்தும் கட்டி இப்படிப் பிடிபடுவதுண்டு.

கேள்வி: பயாப்சி ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

அந்தப் பயத்தில் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். கவலைப்பட வேண்டியது தொற்றைப் பற்றித்தான். மலக்குடல் வழியாக எடுக்காமல், விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக எடுத்தால் அதுவும் குறைவு. சில வாரம் விந்து சிவப்பாக வரலாம், பயப்பட வேண்டாம்.

கேள்வி: வயது 68. க்ளீசன் 3+3=6. டாக்டர் 'இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம், கண்காணிப்போம்' என்கிறார். புற்றுநோயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் டாக்டர் சொன்னது சரி. க்ளீசன் என்பது பயாப்சியில் எடுத்த புற்றுநோய் செல்கள் எவ்வளவு மோசம் என்று காட்டும் ஸ்கோர். 6 என்றதும் பத்துக்கு ஆறு என்று தோன்றும். நடைமுறையில் பயாப்சியில் கொடுக்கும் மிகக் குறைந்த ஸ்கோரே 6-தான். முதல் எண், அதிகமாகத் தென்படும் செல் வகை. அதனால் 3+4, 4+3 இரண்டின் கூட்டுத்தொகையும் 7 ஆனாலும், இரண்டாவது மோசமானது.

பிரிட்டனில் புராஸ்டேட்டுக்குள்ளேயே புற்றுநோய் நின்றிருந்த 1,643 பேரை அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்துத் தொடர்ந்து பார்த்தார்கள். 15 ஆண்டு முடிவு 2023-இல் வந்தது. இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சுமார் 3 சதவீதம்தான். கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பரவியது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிற்பாடு சிகிச்சைக்குப் போனார்கள்.

ஆகவே கண்காணிப்பு என்றால் மறந்துவிடுவது இல்லை. சில மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ., இடையிடையே எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறு பயாப்சி. இதற்கு ஒழுங்காக வர முடியாதவருக்கு நான் இந்த வழியைச் சொல்வதில்லை.

கேள்வி: ஆபரேஷனா, கதிர்வீச்சா?

குணமாகும் வாய்ப்பில் பலருக்குப் பெரிய வித்தியாசமில்லை. எந்தத் தொல்லையோடு உங்களால் வாழ முடியும் என்று யோசியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு டியூபை எடுத்ததும் இருமினால், எழுந்தால் சிறுநீர் கசியும். பேட் வைக்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தேறிவிடும், சிலருக்குக் கொஞ்சம் நிற்காது. விறைப்புத் தன்மை உடனே குறையும். கதிர்வீச்சில் அது மெதுவாகக் குறையும்; மலம் போவதில் அவசரம், ரத்தக் கசிவு வரலாம். ஆபரேஷனுக்குப் பிறகு தேவைப்பட்டால் கதிர்வீச்சு கொடுக்கலாம்; மாற்றிச் செய்வது கடினம்.

அப்புறம், ஆபரேஷனில் புராஸ்டேட்டையே எடுத்துவிடுவதால், அது ஆனவருக்கு பி.எஸ்.ஏ. இரண்டு மாதத்துக்குள் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிட வேண்டும். கதிர்வீச்சு எடுத்தவருக்கு அது மெதுவாகத்தான் இறங்கும். பக்கத்து படுக்கைக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: மாமனாருக்கு எலும்பில் பரவிவிட்டது. விரையை எடுக்கலாம் என்கிறார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் புற்றுநோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன். அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விரையை எடுத்தாலும், லூப்ரோலைடு போன்ற ஊசியைத் தொடர்ந்து போட்டாலும் பலன் ஒன்றே. ஊசியை நிறுத்தலாம், ஆபரேஷனை மாற்ற முடியாது. இன்று இதோடு அபிராடெரோன், என்சாலுடமைடு போன்ற மாத்திரைகளைத் தொடக்கத்திலேயே சேர்க்கிறார்கள், ஆயுள் கூடுகிறது. முழுக் குணம் அரிது, ஆனால் பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள் உண்டு. உடம்பு திடீரென்று சூடேறி வியர்க்கும், எலும்பு மெலியும், தசை குறையும். தினமும் நடக்க வையுங்கள்.

முதுகு வலியோடு கால் பலவீனமானாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். தாமதித்தால் நடை திரும்பாது.

கேள்வி: தடுப்பதற்கு வைட்டமின் ஈ சாப்பிடலாமா?

வேண்டாம். பெரிய ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் தெரியவந்தது.

கேள்வி: அண்ணனுக்கு 58 வயதில் வந்திருக்கிறது. எனக்கு 44. எப்போது பார்ப்பது?

அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. மற்றவர்கள் 50-இல் யோசிப்பதை நீங்கள் 45-இலேயே செய்யுங்கள். அம்மா வழியையும் விசாரியுங்கள். அம்மா, சித்தி, அக்கா என்று யாருக்காவது சிறு வயதில் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலாவது சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் பி.ஆர்.சி.ஏ.2 என்ற, புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டும் மரபணுக் கோளாறு குடும்பத்தில் இருக்கலாம். அப்படியென்றால் முதலில் அண்ணனுக்கு அந்தச் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு வேண்டுமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.