கட்டணத்தைக் கேட்டதும் வாடிக்கையாளர் நழுவுவது ஏன்?

கேள்வி: தனியாளாக இணையதளம் செய்து தருகிறேன். விசாரிப்புகள் வருகின்றன. கொட்டேஷன் அனுப்பியதும் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறார்கள். கட்டணத்தைக் குறைப்பதா, விளம்பரத்துக்குச் செலவு செய்வதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். விசாரிப்புக்குக் குறைவில்லை என்கிறீர்கள். விளம்பரம் செய்தால் ‘யோசித்துச் சொல்பவர்கள்’தான் கூடுவார்கள்.

உங்கள் கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். ‘5 பக்கங்கள், மொபைலுக்கேற்ற வடிவமைப்பு, 2 முறை திருத்தம்’ என்றுதான் இருக்கும். இதே பட்டியலைப் பாதி விலைக்குத் தர இன்னொருவர் இருப்பார். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஒப்பிட மிஞ்சுவது விலை மட்டுமே.

ஆகவே முதல் அழைப்பிலேயே தொகையைச் சொல்லாதீர்கள். ‘ரேட் மட்டும் சொல்லுங்க’ என்று அவசரப்படுத்தினால் ‘இதிலிருந்து இதுவரை ஆகும்’ என்று சொல்லிவிட்டுக் கேள்விக்கு வாருங்கள். புதுத் தளம் இப்போது ஏன் தேவைப்படுகிறது? தளம் வழியாக மாதம் எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்? எத்தனை ஆர்டராகிறது? ஓர் ஆர்டரில் கையில் நிற்பது எவ்வளவு? மாதம் 40 விசாரிப்பு, பத்துக்கு ஒன்று ஆர்டர் என்றால் 4. தளத்தின் விசாரிப்புப் படிவத்தில் நிரப்பவேண்டிய 11 கட்டங்களை 4 ஆக்கியதில் விசாரிப்பு 60 ஆனால் ஆர்டர் 6. கூடுதல் 2 ஆர்டரின் லாபம் ஓராண்டுக்கு எவ்வளவு என்று அவரே கணக்குப் போடட்டும்; நீங்கள் போட்டால் அது வாக்குறுதியாகிவிடும். படிவம் சுலபமானால் சும்மா கேட்பவர்களும் வருவார்கள், விகிதம் இறங்கலாம். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொட்டேஷன் ஒரு பக்கம் போதும். முதல் வரியில் அவர் சொன்ன பிரச்சினை, அவர் வார்த்தையிலேயே. பிறகு என்ன மாறும், அதற்கான வேலை, தொகை, தேதி, எதெல்லாம் சேராது என்பது. மூன்று வேலைநாளில் பதில் இல்லையென்றால் ‘பார்த்தீர்களா?’ என்று கேட்காமல், அவருடைய தளத்தில் கண்ட ஒரு குறையைச் சுட்டி எழுதுங்கள். பேரம் பேசினால் தொகையோடு வேலையையும் குறையுங்கள். அதே வேலைக்குத் தொகையை மட்டும் இறக்கினால் முதலில் சொன்னது கூடுதல் விலை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பலரும் கோட்டைவிடுவது, தங்கள் வேலையால் என்ன மாறியது என்று அடுத்த வாடிக்கையாளருக்குக் காட்டும் ஆதாரத்தில்தான். புதுத் தளம் ஏறியபின் பழையதை அளக்க முடியாது. வேலை தொடங்கும் முன்பே மொபைலில் ஸ்கிரீன்ஷாட், பக்கத்தின் வேகத்தைக் காட்டும் கூகுள் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தரும் அளவு, மாதாந்திர விசாரிப்பு எண்ணிக்கை மூன்றையும் தேதியோடு சேமித்துவிடுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். ஆனால் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் காட்டப்படும் உண்மைப் பயனர் அளவு கடந்த 28 நாள்களுக்கானது. மறுநாளே பார்த்தால் பழைய எண்தான் பெரும்பாலும் தெரியும். ஒரு மாதம் பொறுங்கள். கூகுள் தேடலிலிருந்து தளத்துக்கு வந்த கிளிக்குகளை, தள உரிமையாளருக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோல் 16 மாதம் வரை வைத்திருக்கும். அதன் அனுமதியைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

அளவு கையில் கிடைத்த அன்றே வாடிக்கையாளரிடம் கருத்தும் கேளுங்கள். ‘நாலு வரி எழுதித் தாங்க’ என்றால் ‘அருமையான வேலை’ என்று வரும், அதனால் பயனில்லை. ‘எங்களிடம் கொடுக்குமுன் எதற்குத் தயங்கினீர்கள்? இப்போது எது மாறியிருக்கிறது?’ என்று இரண்டே கேள்வி அனுப்புங்கள். எண்களை வெளியிடச் சம்மதமா என்பதையும் அதே மடலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.